பழைய வண்டி ஹீட் ஆகுதா? எப்போ ஆகுதுன்னு கவனிச்சாலே பாதி கோளாறு பிடிபட்டுடும்

பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு அந்த மீட்டர் முள்ளு பாதிய தாண்டி மேல ஏற ஆரம்பிச்சா வயித்துல புளியக் கரைக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சிக்னல்ல நின்னா முள்ளு ஏறும், வண்டி ஓட ஆரம்பிச்சா இறங்கிடும். மெக்கானிக் பாத்துட்டு ரேடியேட்டர் போச்சுன்னார், நானும் நம்பி மாத்திட்டேன், புது ரேடியேட்டர் போட்ட மறுநாளே அதே சிக்னல்ல அதே மாதிரி முள்ளு ஏறுச்சு. கடைசில பாத்தா ஃபேனுக்குப் போற கனெக்டர்ல பச்சையா பாசி பிடிச்ச மாதிரி அரிச்சுப் போயிருந்துச்சு. அதை மணல்தாள் வச்சு தேய்ச்சு மாட்டினதும் ஃபேன் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. ஒரு ரேடியேட்டர் காசு வீணாப் போச்சு, ஏன்னா "எப்போ ஹீட் ஆகுது"ங்கற ஒரு கேள்விய நானும் கேக்கல, அவரும் கேக்கல.

அதனால இதை பார்ட் வாரியா எழுதாம அறிகுறி வாரியா எழுதுறேன். உங்க வண்டி என்ன பண்ணுதோ அந்த இடத்துக்குப் போங்க. ஒவ்வொரு இடத்துலயும் காசு செலவே இல்லாத சோதனைல இருந்து ஆரம்பிச்சு, பெரிய செலவை கடைசில வச்சிருக்கேன், இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க.

இப்பவே ரோட்டுல கொதிச்சுக்கிட்டு இருக்குன்னா

ஏசி ஓடுனா உடனே நிறுத்துங்க. ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு ப்ளோயரையும் ஃபுல்லா வைங்க, உள்ள வெந்துபோவீங்கதான், ஆனா ஹீட்டர் கோர்ங்கறதே ஒரு குட்டி ரேடியேட்டர், இஞ்சின் சூட்டுல ஒரு பங்கை அது வெளிய தள்ளும். ஓரம் கட்ட இடம் கிடைக்கிற வரைக்கும் அது தாங்கும். ஆவி வந்துச்சு, இல்ல முள்ளு சிவப்ப தொட்டுடுச்சுன்னா "இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு ஓட்டாதீங்க, நிறுத்தி ஆஃப் பண்ணிடுங்க. அந்த கொஞ்ச தூரத்துலதான் இஞ்சின் சிலிண்டர மேல மூடியிருக்கற அலுமினிய ஹெட் வளையுது, அதுவரைக்கும் சின்ன செலவா இருந்தது அப்பதான் பெரிய செலவா மாறுது.

ரேடியேட்டர் மூடிய சூட்டோட திறக்கவே திறக்காதீங்க, இதை எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. உள்ள இருக்கற தண்ணி பிரஷர்ல இருக்கறதாலதான் 100 டிகிரிய தாண்டியும் கொதிக்காம இருக்கு, மூடிய திறந்த நொடியே பிரஷர் போய் மொத்தமா ஆவியா மாறி மூஞ்சிலயும் கைலயும் அடிக்கும். அரை மணி நேரமோ அதுக்கு மேலயோ காத்திருங்க. பானெட்டுக்குள்ள இருந்து ஆவி வந்தா அது அடங்கட்டும், அப்புறம் திறந்து வச்சா சூடு சீக்கிரம் போகும். மேல் ஹோஸை துணி வச்சு அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா உள்ள பிரஷர் இருக்குன்னு அர்த்தம், மெத்துனு ஆன பிறகு தடிமனான துணிய மூடி மேல போட்டு கொஞ்சமா திருப்பி காத்து போக விட்டு அப்புறம் முழுசா திறங்க.

கொதிக்கிற இஞ்சின்ல பச்சைத் தண்ணிய கொட்டுறதும் தப்பு. சூடான இரும்புல சட்டுனு குளிர்ந்த தண்ணி பட்டா பிளாக்கோ ஹெட்டோ விரிசல் விடலாம். ஆறட்டும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

எதுக்கும் முன்னாடி, முள்ளு நிஜம் சொல்லுதா?

இதை யாரும் பாக்கறதில்ல. பழைய வண்டில வயரிங் வயசாகியிருக்கும், இஞ்சின் எர்த், மீட்டர் எர்த் லூசா இருக்கும். ஹெட்லைட் போட்டதும் முள்ளு ஏறுது, அணைச்சா இறங்குதுன்னா அது சூடே இல்ல, எர்த் கோளாறு. எர்த் வயர் போல்ட்டை கழட்டி துரு தேய்ச்சு மாட்டுங்க, அவ்வளவுதான். அதே மாதிரி காலைல ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்துல முள்ளு சிவப்புக்குப் போனா அந்த நேரத்துல இஞ்சின் அவ்வளவு சூடாக வாய்ப்பே இல்ல, சென்சாரோ வயரோ ஷார்ட்டாயிருக்கும்.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு இருக்கு, அதுதான் ஆபத்து. முள்ளு ஏறிக்கிட்டே இருந்து திடீர்னு கீழ விழுந்தா நல்லாயிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. கூலன்ட், அதாவது இஞ்சின குளிர வைக்கிற தண்ணிக் கலவை குறைஞ்சு சென்சார் தண்ணிக்கு வெளிய வந்துட்டா அது ஆவியையும் காத்தையும்தான் அளக்கும், தண்ணில தோய்ஞ்சிருக்கப்ப காட்டுற அளவு காட்டாது. அந்த நேரத்துல ஹீட்டர்லயும் குளிர்ந்த காத்து வந்தா உறுதி, உள்ள தண்ணி இல்ல, உடனே நிறுத்துங்க.

ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைச்சா வாங்கி வச்சுக்குங்க, இல்ல கடனா கேளுங்க. பழைய வண்டிக்கு நான் வாங்கின கருவிலயே அதிகமா உழைச்சது அதுதான். தெர்மோஸ்டாட், அதாவது இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணிய ரேடியேட்டர் வழியா சுத்த விடற வால்வு, அது இருக்கற கூட்டுல காட்டினா பெரும்பாலான வண்டில 85ல இருந்து 100 டிகிரிக்குள்ள நிக்கணும். ஒரே ஒரு விஷயம், பளபளக்குற அலுமினியத்துல அது தப்பா குறைச்சுக் காட்டும், கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அளங்க.

அடுத்தது லெவல். ரிசர்வ் டேங்க்ல இருக்குன்னு திருப்திபட்டுடாதீங்க, தனியா ரேடியேட்டர் மூடி இருக்கற வண்டின்னா இஞ்சின் ஆறினதும் அந்த மூடியத் திறந்து பாருங்க. ரிசர்வ் டேங்க் நிறைய இருக்கும், ரேடியேட்டர் காஞ்சு கிடக்கும், இதை நான் பல வண்டில பாத்திருக்கேன். அப்படி இருந்தா சந்தேகப்பட வேண்டியது மூடியத்தான்.

அந்த மூடி வெறும் மூடி இல்ல

அதுக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு. ஒண்ணு ஸ்பிரிங் போட்டது, பிரஷர் ஒரு அளவ தாண்டினா மட்டும் திறந்து அதிகப்படி தண்ணிய ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். இன்னொண்ணு நடுவுல இருக்கற சின்ன தட்டு, இஞ்சின் ஆறும்போது ரிசர்வ்ல இருந்து தண்ணிய திரும்ப உள்ள இழுக்கும். மூடி மேல 0.9 இல்ல 1.1னு பார் கணக்குலயோ, 13, 16னு பிஎஸ்ஐ கணக்குலயோ போட்டிருக்கும். ஒரு பிஎஸ்ஐ பிரஷருக்கு கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும், அப்போ 15 பிஎஸ்ஐ மூடி நல்லா வேலை செஞ்சா வெறும் தண்ணியே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்துபோனா 100லயே கொதிச்சு பொங்கி வெளிய போயிடும், வண்டில வேற ஒரு கோளாறும் இருக்காது.

ரப்பர் வெடிச்சிருக்கா, காஞ்சு கெட்டியாயிருக்கா, ஸ்பிரிங் துரு பிடிச்சிருக்கான்னு பாருங்க. நடுத் தட்டை நகத்தால இழுத்து விட்டா டக்குனு திரும்பி உக்காரணும். இஞ்சின் ஆறின பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போய் ஒட்டிக்கிட்டு இருந்தா அந்த சின்ன வால்வு திறக்கல, இல்ல ரிசர்வ் டேங்குக்குப் போற பைப் அடைச்சிருக்கு. அந்த மெல்லிசான பைப்ல ஒரு வெடிப்பு இருந்தாலும் தண்ணிக்குப் பதிலா காத்த இழுத்துக்கும். புது மூடி வாங்கும்போது அதே அளவு வாங்குங்க, பெரிய அளவு போட்டா நல்லதுன்னு நினைக்காதீங்க, பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும் அந்தக் கூடுதல் பிரஷர தாங்காம கிழியும். ஹீட் ஆகுற பழைய வண்டிக்கு கண்ண மூடிக்கிட்டு ஒரே ஒரு பார்ட் மாத்தலாம்னா அது இந்த மூடிதான்.

நின்னா ஹீட் ஆகுது, ஓடுனா சரியாயிடுது

இது காத்து சம்பந்தப்பட்டது. வண்டி வேகமா போகும்போது காத்து தானா ரேடியேட்டர்ல அடிக்குது, நின்னா ஃபேன்தான் இழுக்கணும். ஆக கோளாறு ஃபேன்லயோ, ஃபேனைச் சார்ந்த ஏதாவது ஒண்ணுலயோதான். ரேடியேட்டர், வாட்டர் பம்ப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

எலக்ட்ரிக் ஃபேன் வண்டின்னா முதல்ல ஏசி போட்டுப் பாருங்க. நிறைய வண்டில ஏசி போட்டாலே ஃபேன் சுத்தணும். சுத்துனா மோட்டார் நல்லாயிருக்கு, தெர்மோ சுவிட்ச் பக்கம் பாருங்க. சுத்தலைன்னா ஃப்யூஸ் பாக்ஸ். ஃப்யூஸ் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சாலும் ஒரு தடவ மாத்திப் பாருங்க, ரிலேயவும் அதே மாதிரி இருக்கற ஹாரன் ரிலேயோட மாத்திப் போட்டுப் பாருங்க, பல வண்டில ரெண்டும் ஒரே ரிலேதான், அடில எழுதியிருக்கற நம்பர் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. அதுக்கும் அசையலைன்னா ஃபேன் கனெக்டர கழட்டி பேட்டரில இருந்து ரெண்டு வயர் நேரா கொடுங்க, ப்ளஸ் வயர்ல ஒரு ஃப்யூஸ் போட்டுக்குங்க. சுத்துனா மோட்டார் ஓகே, வயரிங்லதான் கோளாறு. சுத்தலைன்னா மோட்டார், கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கலாம், அதை மட்டும் மாத்தித்தர ஆளுங்க இருந்தா முழு மோட்டார் வாங்க வேண்டியதில்ல.

தெர்மோ சுவிட்ச்னா ரேடியேட்டர்லயோ பக்கத்துலயோ திருகியிருக்கும், ரெண்டு வயர் வரும். பெரும்பாலும் 90 டிகிரிய தாண்டின பிறகு ஆன் ஆகி சில டிகிரி குறைஞ்சதும் ஆஃப் ஆகும். அந்த ரெண்டு வயரையும் ஒரு துண்டு வயர் வச்சு இணைச்சா இக்னிஷன் ஆன்ல ஃபேன் சுத்தணும், சுத்துச்சுன்னா சுவிட்ச் போயிடுச்சு. இது ரெண்டு வயர் சுவிட்ச் போட்ட பழைய வண்டிக்கு மட்டும், கம்ப்யூட்டர் கன்ட்ரோல் பண்ற வண்டில சென்சார் வயர கண்டபடி இணைக்காதீங்க. இணைக்கும்போது கை, துணி, தலைமுடி எதுவும் ஃபேன் பக்கம் இருக்கக் கூடாது, எலக்ட்ரிக் ஃபேன் இஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் திடீர்னு சுத்தும்.

யாராவது முன்னாடி மோட்டார் மாத்தியிருந்தா ஃபேன் எந்தப் பக்கம் காத்து தள்ளுதுன்னு ஒரு காகிதத் துண்டு வச்சுப் பாருங்க. இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கற ஃபேன்னா முன்பக்கம் வச்ச காகிதம் ரேடியேட்டரோட ஒட்டணும். வயர் ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தா ஃபேன் நல்லா சுத்தும், ஆனா காத்த எதிர்ப்பக்கம் தள்ளும், பாக்கறவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும்.

பெல்ட்ல ஓடுற ஃபேன்னா நடுவுல விஸ்கஸ் கிளட்ச் இருக்கும், உள்ள சிலிக்கோன் ஆயில். இஞ்சின ஆஃப் பண்ணி, சூடா இருக்கும்போதே ஃபேன கைல தள்ளிப் பாருங்க, நல்லா இறுக்கமா இருக்கணும். சும்மா தடையே இல்லாம நாலு சுத்து சுத்துச்சுன்னா கிளட்ச் முடிஞ்சது, அது மேல எண்ணெய் கசிஞ்ச கோடு ஓடியிருந்தா சந்தேகமே வேண்டாம்.

இன்னொண்ணு ஷ்ரவுட், ஃபேன சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கூடு. முன்னாடி வேலை பாத்தவங்க கழட்டி எங்கயோ வச்சிட்டு திரும்ப மாட்டாம விட்டிருப்பாங்க. அது இல்லைன்னா ஃபேன் ரேடியேட்டர் முழுசுல இருந்தும் காத்து இழுக்காது, பக்கத்துல கிடைக்கிற காத்தயே திரும்பத் திரும்ப சுத்தும். பழைய வண்டி உடைக்கிற இடத்துல தேடினா சல்லிசா கிடைக்கும்.

ஏசி போட்டா மட்டும் ஹீட் ஆகுதுன்னா, ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னாடி அதே மாதிரி இருக்கற ஏசி பார்ட்) ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கற சந்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. செத்த பூச்சி, இலைச்சருகு, பஞ்சு எல்லாம் கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், முன்னாடி நின்னு பாத்தா தெரியவே தெரியாது.

ஹைவேல, மேட்டுல, லோடு ஏத்தினா ஹீட் ஆகுது

இப்போ காத்துக்குக் குறைவில்ல, தண்ணிதான் தேவையான அளவு சுத்தல, இல்ல ரேடியேட்டரால அவ்வளவு சூட்டை வெளிய தள்ள முடியல.

முதல்ல ரேடியேட்டர வெளிய கழுவுங்க. இஞ்சின் பக்கத்துல இருந்து முன்பக்கமா, அதாவது அழுக்கு வந்த வழியாவே திரும்பிப் போற மாதிரி சாதாரண ஹோஸ் தண்ணில கழுவுங்க. பிரஷர் வாஷர கிட்ட வச்சு அடிச்சா ஃபின்னுங்கற மெல்லிசான தகடு எல்லாம் மடங்கி இருக்கற காத்து வழியும் அடைஞ்சிடும். மடங்கின ஃபின்ன மெல்லிசான ஸ்க்ரூடிரைவர வச்சு பொறுமையா நிமித்தலாம், ட்யூப்ல குத்திடாம. பழைய ரேடியேட்டர்ல ஃபின்ன தொட்டதும் பொடிப்பொடியா உதிர்ந்தா அதுக்கு ஆயுசு முடிஞ்சது, அது எவ்வளவு சுத்தமா இருந்தாலும் சூட்டைக் கடத்தாது.

உள்ளடைப்பு இருக்கான்னு தெரிய, வண்டிய நல்லா சூடாக்கி ஆஃப் பண்ணிட்டு தெர்மாமீட்டர ரேடியேட்டர் முழுக்க ஓட்டுங்க. தண்ணி நுழையற பக்கத்துல இருந்து வெளியேறுற பக்கம் வரைக்கும் சூடு மெல்ல மெல்ல குறையணும். நடுவுல ஒரு இடம் மட்டும் பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்து கிடந்தா அங்க ட்யூப் அடைச்சிருக்கு. வருஷக்கணக்கா உப்புத் தண்ணிய ஊத்தி ஓட்டின வண்டில இது சகஜம், உள்ள சுண்ணாம்பு படிஞ்சு ட்யூப் ஓட்டை பாதியாயிருக்கும். பித்தளை, செம்பு ரேடியேட்டர்னா மேல் டேங்க கழட்டி கம்பி விட்டுக் குத்தி எடுக்கிற ராடிங் வேலை செஞ்சு பத்த வச்சுக் குடுப்பாங்க, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அதை விசாரிங்க. பிளாஸ்டிக் டேங்க் வச்ச அலுமினிய ரேடியேட்டருக்கு அந்த வேலை சரிப்படாது, அதுல காசு போடாம மாத்திடறதே மேல்.

கீழ் ஹோஸ். இது பம்ப் உறிஞ்சற பக்கம். ரப்பர் பழசாகி தளர்ந்திருந்தா வண்டி நிக்கும்போது நல்லா உப்பலா இருக்கும், இஞ்சின் வேகம் ஏறினதும் பம்ப் உறிஞ்சற வேகத்துல ஸ்ட்ரா மாதிரி சப்பிக்கும், தண்ணி நின்னுடும். ஒருத்தர ஆக்ஸிலரேட்டர 3000 ஆர்பிஎம் வரைக்கும் மிதிக்கச் சொல்லிட்டு தள்ளி நின்னு அந்த ஹோஸைப் பாருங்க. சில வண்டில சப்பாம இருக்கறதுக்காகவே உள்ள ஒரு ஸ்பிரிங் சுருள் இருக்கும், அது துருப்பிடிச்சு கரைஞ்சு போயிருக்கும், ஹோஸ் மாத்தும்போது அதையும் கேட்டு வாங்குங்க.

பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அமுக்குங்க, பழைய வி பெல்ட்னா ஒரு 10ல இருந்து 15 மில்லிமீட்டர் இறங்கணும். ரொம்ப தொளதொளன்னு இருந்தா வேகத்துல வழுக்கும், பம்ப் சுத்தாது, காலைல கீச்சுனு கத்துற வண்டில இதைத்தான் முதல்ல பாக்கணும். வாட்டர் பம்ப்ல அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா ஈரமோ, காஞ்ச கூலன்ட் கறையோ தெரிஞ்சா உள்ள சீல் போயிடுச்சு, புல்லிய பிடிச்சு ஆட்டினா ஆட்டம் இருந்தா பேரிங் போயிடுச்சு. கண்ணுக்குத் தெரியாத கோளாறு இம்பெல்லர், உள்ள சுத்துற இறக்கை. வெறும் தண்ணில ஓட்டின வண்டில இறக்கை அரிச்சு கரைஞ்சிருக்கும், பிளாஸ்டிக் இறக்கைன்னா தண்டுல பிடி விட்டு சும்மா வழுக்கும். பம்ப் மாத்தறதுக்கு முன்னாடி மேல சொன்னது எல்லாத்தையும் பாத்துடுங்க, ஏன்னா டைமிங் பெல்ட்ல ஓடுற பம்ப்னா வேலைக் கூலியே அதிகம். அப்படி கழட்டித்தான் ஆகணும்னா டைமிங் பெல்ட்டையும் சேத்து மாத்திடுங்க, ஒரே கூலில ரெண்டு வேலை முடியும்.

கூலிங்ல எல்லாம் சரியா இருந்தும் லோடுல ஹீட் ஆகுதுன்னா, இஞ்சின் தேவைக்கு மேல சூட்ட உண்டாக்குதான்னு பாருங்க. இக்னிஷன் டைமிங் பின்னாடி போயிருந்தா, அதாவது ஸ்பார்க் தாமதமா அடிச்சா, சூடு அதிகமாகும், கார்புரேட்டர்ல பெட்ரோல் கம்மியா போனாலும் அப்படித்தான். பிரேக் ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா ஓட்டம் முடிஞ்சதும் ஒரு சக்கரத்துல மட்டும் சூடு அனலா அடிக்கும், இஞ்சின் அதையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தான் ஓடியிருக்கும். சைலன்சர் அடைச்சிருந்தா வண்டி இழுக்காது, சூடும் ஏறும்.

ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷத்துல விறுவிறுன்னு ஏறுது

நின்னாலும் ஓடுனாலும் ஒரே மாதிரி ஏறுது, இஞ்சின் கொதிக்குது, ஆனா கீழ் ஹோஸும் ரேடியேட்டரும் சில்லுனு இருக்குன்னா தெர்மோஸ்டாட் மூடியே மாட்டிக்கிச்சு, இல்லைன்னா உள்ள காத்து அடைச்சிருக்கு. சமீபத்துல கூலன்ட் மாத்தியிருந்தா காத்துதான், அதை கீழ சொல்றேன்.

தெர்மோஸ்டாட்டை கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி, அடில படாம நூல்ல கட்டித் தொங்கவிட்டு அடுப்புல வைங்க, சமைக்கிற பாத்திரமா இருக்க வேண்டாம். அதுமேலயே 82, 88னு எத்தனை டிகிரில திறக்கணும்னு எழுதியிருக்கும். அந்த சூடு வந்ததும் மெல்லத் திறக்க ஆரம்பிச்சு இன்னொரு 10, 15 டிகிரி ஏறும்போது முழுசா திறந்திருக்கணும். தண்ணி கொதிச்சும் அசையலைன்னா முடிஞ்சது. புதுசு வாங்கினாலும் மாட்டறதுக்கு முன்னாடி இதே சோதனைய பண்ணிடுங்க, பத்து நிமிஷ வேலை.

இங்க ஒரு விஷயத்த அழுத்திச் சொல்லணும். "தெர்மோஸ்டாட்ட கழட்டிப் போட்டுட்டா ஹீட்டே ஆகாது"ன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க. பண்ணாதீங்க. நிறைய இஞ்சின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதோட அடித்தட்டு பைபாஸ் வழிய, அதாவது தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம இஞ்சினுக்குள்ளயே சுத்தற குறுக்கு வழிய மூடும், அதைக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே இருக்கும், சூடான தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்ப இஞ்சினுக்குப் போயிடும், அதாவது இன்னும் அதிகமா ஹீட் ஆகும். பைபாஸ் இல்லாத இஞ்சின்லயும் இஞ்சின் வேலை செய்யற சூட்டுக்கே வராம ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும், ஆயில்ல கசடு சேரும். தெர்மோஸ்டாட் மலிவான பார்ட்தான், நல்லதா ஒண்ணு வாங்கி ஸ்பிரிங் இஞ்சின் பக்கம் இருக்கற மாதிரி, சின்ன ஆட்டமான ஊசி இருந்தா அது மேல்பக்கம் வர்ற மாதிரி மாட்டுங்க, அந்த ஊசி ஓட்டை காத்து வெளிய போறதுக்காக வச்சது.

கூலன்ட் குறையுது, ஒழுகுறது தெரியல

ராத்திரி வண்டிக்கு அடில அட்டைப்பெட்டிய பிரிச்சுப் போடுங்க. காலைல எந்த இடத்துல நனைஞ்சிருக்கோ அதுக்கு நேர் மேல தேடுங்க. ஹோஸ் நுனி, கிளாம்ப், ரேடியேட்டர்ல பிளாஸ்டிக் டேங்க் சேர்ற மடிப்பு, பம்ப் ஓட்டை, இஞ்சின் பிளாக் பக்கவாட்டுல இருக்கற வட்டத் தகடு மூடிங்க, இதெல்லாம் பழைய வண்டில துருப்பிடிச்சு கசியற இடங்க. சூடா இருக்கும்போது கசியறது உடனே ஆவியாகிடும், அதனால ஈரம் தேடாதீங்க, வெள்ளையாவோ பச்சையாவோ காஞ்ச கறையத் தேடுங்க. வண்டிக்குள்ள கால் வைக்கிற இடத்துல கார்பெட் ஈரமா இருந்து, கண்ணாடில எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி பனி படிஞ்சு, இனிப்பா ஒரு வாசனை வந்தா அது ஹீட்டர் கோர். காசு சேர்ற வரைக்கும் ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சு ஓட்டலாம், ஹீட்டர் மட்டும் இருக்காது.

லீக்க அடைக்கிற திரவம், பொடி எல்லாம் விக்கிறாங்க. நடுவழில மாட்டிக்கிட்டு வீடு சேரணும்னா தவிர ஊத்தாதீங்க, அது லீக்க மட்டும் அடைக்காது, ரேடியேட்டர் ட்யூப், ஹீட்டர் கோர்னு மெல்லிசான வழி எல்லாத்தயும் அடைக்கும்.

எங்கயுமே கறை இல்ல, ஆனா தினமும் குறையுதுன்னா இஞ்சினே குடிக்குது, அதாவது ஹெட் கேஸ்கெட், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல் தகடு.

ஹெட் கேஸ்கெட்டான்னு எப்படி உறுதி பண்றது

பயத்துல அவசரப்பட்டு ஹெட்டக் கழட்டக் கூடாது. ஆயில் மூடிக்கு அடில பால் மாதிரி கொஞ்சம் இருந்தாலே கேஸ்கெட் போச்சுன்னு சொல்லுவாங்க, குளிர்ல சின்ன சின்ன தூரம் மட்டும் ஓடுற வண்டில வெறும் ஈரம் படிஞ்சும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கயும் இழுத்துப் பாருங்க, அதுலயும் பால் கலந்த காப்பி நிறத்துல இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு, அதுக்கு மேல ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, பேரிங் போயிடும்.

நான் பண்ற சோதனை இது. ராத்திரி முழுக்க ஆறின இஞ்சின், மூடிய நல்லா மூடி ஸ்டார்ட் பண்ணி ஒரே நிமிஷத்துல மேல் ஹோஸை அமுக்குங்க. தண்ணி இன்னும் சூடாகவே இல்ல, அதுக்குள்ள ஹோஸ் கெட்டியானா அந்த பிரஷர் சிலிண்டருக்குள்ள எரியற வாயுல இருந்துதான் வரணும். அடுத்தது மறுபடி நல்லா ஆறின இஞ்சின்ல மூடியத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி பாருங்க, ஆரம்பத்துல நாலு குமிழி வர்றது சகஜம், நிக்காம சோடா மாதிரி வந்துக்கிட்டே இருந்தா தப்பு. சைலன்சர்ல இஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோட வர்றது, கழட்டின ஸ்பார்க் பிளக்ல ஒண்ணு மட்டும் கழுவி வச்ச மாதிரி சுத்தமா இருக்கறது, இதெல்லாம் கூடுதல் சாட்சி.

காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி கடைசி உறுதிக்கு பிளாக் டெஸ்டர்னு ஒண்ணு இருக்கு, நீல நிற திரவம் ஊத்தின குழாய ரேடியேட்டர் வாயில வச்சு அங்க இருக்கற காத்த இழுக்கணும், எரிஞ்ச வாயு கலந்திருந்தா பெட்ரோல் வண்டில நீலம் மஞ்சளாகும். வாடகைக்கோ இரவலாவோ கிடைச்சா போதும்.

உறுதியாயிடுச்சுன்னா ஹெட்டக் கழட்டி லேத்ல குடுத்து மட்டம் பாக்கச் சொல்லுங்க, இங்க மிச்சம் பிடிக்காதீங்க. நேர்ப்பட்டைய வச்சு ஃபீலர் கேஜ் விட்டு எத்தனை வளைஞ்சிருக்குன்னு அளப்பாங்க, நிறைய இஞ்சினுக்கு 0.1 மில்லிமீட்டர் கூட அதிகம், தேவைப்பட்டா ஃபேஸிங் பண்ணித் தருவாங்க, விரிசல் இருக்கான்னும் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. வளைஞ்ச ஹெட்டுல புது கேஸ்கெட் போட்டா கொஞ்ச நாள்ல திரும்பவும் அதே கதைதான், மொத்தக் கூலியும் ரெண்டாவது தடவ. முறுக்கும்போது இழுபட்டு நீண்டுபோற ரக ஹெட் போல்ட்னா அதுவும் புதுசு போடணும். அப்புறம் எதனால ஹீட் ஆகி கேஸ்கெட் போச்சுங்கற மூல காரணத்த சரி பண்ணாம இஞ்சின மூடாதீங்க.

திரும்ப நிரப்பும்போது

பழைய கூலன்ட்ட மண்ணுல, சாக்கடைல விடாதீங்க. எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பா இருக்கறதால நாய், பூனை நக்கிக் குடிச்சிடும், கொஞ்சம் குடிச்சாலே செத்துடும். ட்ரேல பிடிச்சு கேன்ல அடைச்சு முறையா வாங்கிக்கற இடத்துல குடுங்க.

தெர்மோஸ்டாட்ட கழட்டிட்டு சுத்தமான தண்ணி ஹோஸை கீழ இருந்து மேலா, வழக்கமா தண்ணி ஓடுறதுக்கு எதிர்த்திசைல விட்டு தெளிஞ்சு வர்ற வரைக்கும் கழுவுங்க. தண்ணி வேகத்த அளவா வைங்க. கடைசில டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு தடவ அலசிட்டு, தெர்மோஸ்டாட்ட திரும்ப மாட்டுங்க, அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலக்காத கூலன்ட்ட அப்படியே ஊத்தினா நல்லதுன்னு நினைக்கிறாங்க, இல்ல, கிளைக்கால விட தண்ணிதான் சூட்ட நல்லாக் கடத்தும், கூலன்ட் வேலை கொதிநிலைய ஏத்தறதும் உறையாம பாத்துக்கறதும் துரு பிடிக்காம காக்கறதும். நிறத்த நம்பி வேற வேற கூலன்ட்ட கலக்காதீங்க, எந்த நிறம் எந்த ரகம்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது, ரகம் பொருந்தலைன்னா ஜெல் மாதிரி கட்டிக்கும். டப்பால எழுதியிருக்கற ரகத்தப் படிங்க.

காத்து எடுக்கறதுதான் பொறுமை சோதிக்கும். வண்டி முன்பக்கம் மேடா இருக்கற மாதிரி நிறுத்தி, ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு, மூடியத் திறந்தபடி மெல்ல ஊத்துங்க. தெர்மோஸ்டாட் கூட்டுலயோ ஹோஸ்லயோ காத்து போற திருகு இருந்தா குமிழி நின்னு தண்ணி மட்டும் வர்ற வரைக்கும் திறந்து வைங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விட்டு ஹோஸை அப்பப்ப அமுக்கி விடுங்க, லெவல் சட்டுனு இறங்கும், ஊத்துங்க. கீழ் ஹோஸ் சூடாகி, ஹீட்டர்ல நல்லா சூடான காத்து வந்து, ஃபேன் தானா ஒரு தடவ ஆனாகி நின்னா காத்து போயிடுச்சு. முதல்ல மூடியத் திறந்து வச்சதால பொங்க ஆரம்பிச்சா கிட்ட நிக்காம ஆஃப் பண்ணி ஆற விட்டு மறுபடி தொடருங்க.

மூடிய போட்டதும் ரிசர்வ் டேங்க்ல லெவல் இருக்கற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க. அடுத்த மூணு நாலு நாள் காலைல ஆறின இஞ்சின்ல பாருங்க. முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல கொஞ்சம் இறங்கறது மிச்சமிருந்த காத்து, நிரப்பிட்டு ஓட்டலாம். அதுக்கப்புறமும் கோடு தினமும் ஒரே அளவுல இறங்குச்சுன்னா அட்டைப்பெட்டிய மறுபடி வண்டிக்கு அடில விரிங்க.